ஓடாத வண்டிக்கு என்ன செலவு? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

பி பிளாக் பார்க்கிங், சென்னை:

அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறார். அவருடைய கார் எங்கள் அபார்ட்மென்ட் அடித்தளத்தில் நிற்கிறது. லீவுக்கு வரும்போது அவர் ஓட்டுவார், மற்ற நாளெல்லாம் சாவி என்னிடம். "ஓடாத வண்டிக்கு என்னடா செலவு?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். அவருக்குச் சொன்ன பதிலை இங்கேயும் போடுகிறேன். தினமும் ஓடுகிற வண்டியைப் பற்றிச் சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுக்கிற வண்டிக்குத்தான் யாரும் இல்லை.

முதலில் போவது பேட்டரி. பூட்டி வைத்தாலும் அலாரம், சென்ட்ரல் லாக், கடிகாரம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி, வண்டி நிற்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.4க்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்றிவிட வேண்டும். அப்படியே விட்டால் தகடுகளில் சல்பேட் கெட்டிப்பட்டு, அப்புறம் எவ்வளவு ஏற்றினாலும் பிடிக்காது.

எதிர் ஃபிளாட் மாமா ஞாயிறு காலையில் வந்து, இன்ஜினை இரண்டு நிமிடம் உறுமவிட்டு அணைத்துவிட்டுப் போவார். ஸ்டார்ட் செய்யச் செலவான சார்ஜ்கூட அதில் திரும்பாது. போதாததற்கு, சூடேறாத இன்ஜினில் ஈரம் ஆவியாகாமல் ஆயிலில் சேரும். போன மழைக்காலத்தில் அவர் வண்டியின் ஆயில் மூடியைத் திருகிக் காட்டினேன். உள்பக்கம் வெளிர்மஞ்சளாகத் தயிர் ஏடு மாதிரி படிந்திருந்தது. ஹெட் கேஸ்கட் (கூலன்ட் ஆயிலில் கலக்காமல் தடுக்கும் அடைப்பு) போய்விட்டதோ என்று மாமா பதறிவிட்டார். கூலன்ட் குறையவில்லை, டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்தது. ஆக, வெறும் ஈரம்தான். துடைத்துவிட்டு மகாபலிபுரம் வரை ஓட்டிவிட்டு வந்தோம், மறுபடி வரவில்லை. வாரத்துக்கு ஒருதரம் அரை மணி நேரமாவது ரோட்டில் ஓட்ட வேண்டும். முடியாதவர்கள் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிடலாம். கடிகாரம் போன்றவற்றைத் திரும்பச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

ரிட்டையர்டு வாத்தியார், கோவை:

தம்பி சொன்னது சரி. நான் ஹேண்ட்பிரேக் கதை சொல்கிறேன்.

சம்பந்தி வீட்டு வண்டி. மழையில் நனைந்தபடியே ஷெட்டில் விட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பூட்டிவிட்டு அவர்கள் காசிக்குப் போய்விட்டார்கள். திரும்பி வந்து எடுத்தால் முன்பக்கம் தூக்குகிறது, பின்பக்கம் நகர மாட்டேன் என்கிறது. பின் சக்கரம் டிரம் பிரேக் உள்ள வண்டி. ஈரத்தில் லைனரும் (டிரம்மை உரசி நிறுத்தும் பட்டை) டிரம்மும் துருவோடு ஒட்டிக்கொண்டன. டிரைவர் பையன் ஆக்ஸிலேட்டரை மிதிக்கப் போனான், மெக்கானிக் தடுத்துவிட்டார். சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைச் சுற்றிச் சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்தார். 'டக்' என்று ஒரு சத்தம், விட்டுவிட்டது. மிதித்திருந்தால் லைனர் பிய்த்துக்கொண்டு வந்திருக்கும் என்றார்.

சமதரையில் பல நாள் நிற்கப்போகிற வண்டிக்கு ஹேண்ட்பிரேக் வேண்டாம். ஃபர்ஸ்ட் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தால் போதும். முன் டிஸ்க்கில் ஆரஞ்சு நிறத்தில் துரு தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை. நாலைந்து பிரேக் பிடித்தால் தேய்ந்து போய்விடும்.

உறையூர்க்காரன், திருச்சி:

எலியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! எங்கள் தெருவில் வேப்பமரத்தடியில் நிற்கும் வண்டிகளில் குடித்தனம் நடத்தாத எலி இல்லை. ஏசி போட்டால் காற்று வரவில்லை, ஒருமாதிரி வாடை என்று பக்கத்து வீட்டு அண்ணாச்சி கூப்பிட்டார். டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றினால் பின்னால் கேபின் ஃபில்டர், வண்டிக்குள் வரும் காற்றை வடிகட்டுவது. அதன்மேல் வேப்பங்கொட்டை, பானெட்டுக்கு அடியிலிருந்து கடித்து எடுத்த பஞ்சு, பாதி மெதுவடை. நல்லவேளை, ஒயரில் வாய் வைக்கவில்லை. ஃபில்டர் சில நூறு ரூபாய்தான். எங்கள் ஊரில் ஓடும் பெரும்பாலான வண்டிகளில் கையாலேயே மாற்றலாம்.

புகையிலை, நாஃப்தலீன் உருண்டை, ஸ்பிரே என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து எலி எல்லாவற்றுக்கும் பழகிவிடுகிறது. வண்டிக்குள் முறுக்குத் துகள் இல்லாமல் கூட்டுவது, அடிக்கடி இடம் மாற்றி நிறுத்துவது, ராத்திரி பானெட்டைத் திறந்து வைப்பது, இவைதான் ஓரளவு கேட்கும். மூடிய இடத்தின் கதகதப்புதான் அதற்கு வேண்டும்.

மரத்தடியில் நிறுத்துபவர்கள் முன்கண்ணாடிக்குக் கீழே சேரும் இலையையும் அள்ளிப் போடுங்கள். தண்ணீர் வடிகிற ஓட்டை அடைத்துக்கொண்டு, முன்சீட்டு மேட் ஊறிப்போய்விடும்.

நாலுவழிச்சாலை, நெல்லை:

நான் டயர் கடையில் பார்த்தது. ஒரு பெரியவர் கார் விற்க வந்திருந்தார், "பதினெட்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, டயர் புதுசு மாதிரி" என்றார். டயரின் பட்டன் (ரோட்டில் படும் மேடுகள்) நிஜமாகவே நன்றாக இருந்தது. கடைக்காரர் குனிந்து பக்கச்சுவரில் ஓர் இடத்தை ஈரத்துணியால் துடைத்துக் காட்டினார்: 1415. 2015ஆம் ஆண்டின் 14ஆவது வாரம் செய்த டயர். பக்கச்சுவரை விரலால் அழுத்தினால் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். மதுரை ரோட்டில் நூறில் போகும்போது வெடித்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான். அதில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தவர்கள் கை தூக்குங்கள்! காற்று அளவை டயரில் எழுதியிருப்பதைப் பார்த்து அடிக்காதீர்கள், அது உச்ச அளவு. டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உங்கள் வண்டிக்கான அளவு இருக்கும். காலையில், டயர் சூடாகும் முன் பார்க்க வேண்டும்.

வேளச்சேரி மூன்றாம் மாடி:

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தபோது எங்கள் மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக நின்ற படத்தைப் பார்த்திருப்பீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பட்ட பாடு அப்படி. அந்த அக்டோபர் எச்சரிக்கை அன்றைக்கு எங்கள் பிளாக்கில் எல்லா வண்டியும் மேலே ஏறிவிட்டது, ஒன்றே ஒன்று மட்டும் செல்ஃப் எடுக்கவில்லை. ஓனர் பெங்களூரில், மனைவியிடம்தான் சாவி. ஜம்ப்பர் கேபிளுக்கு நாலு வீடு ஏறி இறங்கினோம். சிவப்பை இரண்டு பேட்டரியின் பாசிட்டிவிலும் மாட்டி, கறுப்பின் ஒரு முனையை நல்ல பேட்டரியின் நெகட்டிவிலும், மறுமுனையைச் செத்த வண்டியின் இன்ஜின் இரும்பிலும் பிடித்தோம். ஒருவழியாகக் கிளம்பியது.

ஒருவேளை வண்டி தண்ணீரில் மாட்டிக்கொண்டால், வடிந்த பிறகும் சாவியைத் திருப்பாதீர்கள். ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரண காம்ப்ரிஹென்சிவ் இன்ஷூரன்ஸ் பாலிசியில் இந்த வகை இன்ஜின் சேதம் பெரும்பாலும் வராது. இன்ஜின் புரொடெக்ட் என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். பாலிசியை எடுத்து ஒருதரம் பாருங்கள்.

பி பிளாக் பார்க்கிங், சென்னை:

நன்றி. ஆயில் பற்றி ஒன்று விட்டுப்போனது. பல பெட்ரோல் கார்களுக்கு இன்ஜின் ஆயில் மாற்ற 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முந்துகிறதோ அது. அண்ணன் வண்டி இரண்டாயிரம்கூட ஓடவில்லை, போன மாதம் மாற்றிவிட்டேன். பிரேக் ஆயிலும் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதையும் மாற்றச் சொல்கிறார்கள். சர்வீஸில் "இன்ஜின் ஃபிளஷ் போடட்டுமா சார்?" என்று கேட்டார்கள், இன்ஜினுக்குள் இருக்கும் அழுக்கைக் கழுவும் மருந்து அது. மேனுவலில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டேன். பில்லில் அது வரவில்லை.