துருவச் சுழல் உடைந்தால் சென்னையில் குளிருமா?

மடிப்பாக்கத்துக்காரி:
வணக்கம். மார்கழி வந்தால் போதும், எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பித்துவிடும். வட துருவத்துக்கு மேலே ‘போலார் வோர்டெக்ஸ்’ உடைந்துவிட்டது, 3 வாரத்தில் சென்னை வரை குளிர் இறங்கும் என்று. மாமியாருக்கு ஆஸ்துமா, அதனால் சும்மா தள்ளிவிடவும் மனசு வரவில்லை. சிகாகோவில் இருக்கும் என் அக்கா 2019 ஜனவரிக் கடைசியில் மைனஸ் 30 டிகிரி குளிரில் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தாள், அப்போதும் இதே பேரைத்தான் சொன்னார்கள். அடுத்த வாரத்து மழையே நமக்கு மாறி மாறி வருகிறது, 30 கிலோமீட்டர் உயரத்தில் நடப்பதை வைத்து ஒரு மாதம் முன்னாலேயே குளிரைச் சொல்ல முடியுமா?

மழைக்கணக்கு:
முடியும், ஆனால் தேதி போட்டு அல்ல. குளிர்காலத்தில் துருவத்துக்கு வெயிலே கிடையாது, அங்கே ஸ்ட்ராட்டோஸ்பியர், அதாவது மழைமேகங்களுக்கும் மேலே உள்ள காற்றடுக்கு, மைனஸ் 80 டிகிரி வரை குளிர்ந்து, அதைச் சுற்றி மேற்கிலிருந்து கிழக்காகப் பெரும் காற்று சுழலும். அதுதான் துருவச் சுழல். கீழே இமயமலை, ராக்கி மலை, அப்புறம் நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம், இவையெல்லாம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீள அலைகளைக் கிளப்புகின்றன. சில வருஷம் அவை மேலே போய் உடைந்து சுழலின் வேகத்தைக் குறைத்துவிடும். அப்போது துருவத்துக்கு மேலே காற்று கீழே இறங்கி அமுங்கும், அமுங்கினால் சூடாகும். சைக்கிள் பம்பை நாலு முறை அடித்துவிட்டுத் தொட்டுப் பாருங்கள், அதே விஷயம். சில நாளிலேயே 40, 50 டிகிரி கூட ஏறும். 1952இல் பெர்லினில் ரிச்சர்ட் ஷெர்ஹாக் பலூன் அளவுகளில் இதை முதலில் பார்த்தார், ஏன் நடக்கிறது என்று ஜப்பானின் தரோ மட்சுனோ 1971இல் கணக்கு போட்டுக் காட்டினார். 60 டிகிரி வடக்கில் அந்த மேற்குக் காற்று திசையே திரும்பிவிட்டால் அது பெரிய வெப்பமேற்றம், பத்து வருஷத்துக்குச் சுமார் 6 தடவை வரும்.

நாள்கணக்கான வானிலை 2 வாரத்துக்கு மேல் கையில் நிற்காது. மேலே உள்ள காற்றோ மெதுவாகத்தான் பழைய நிலைக்குத் திரும்பும், அந்தத் தளர்ச்சி பல வாரம் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே இருக்கும். 2001இல் பால்ட்வின், டங்கர்ட்டன் இருவரும் அந்தத் தாக்கம் கீழே 60 நாள் வரை தெரிகிறது என்று காட்டியதிலிருந்து நீண்டகாலக் கணிப்பாளர்கள் இதை விடுவதே இல்லை.

சிறுசேரி ஷிப்ட்:
நான் பிரிட்டனில் கேஸ் தேவையைக் கணிக்கும் புராஜெக்டில் இருக்கிறேன், நவம்பர் முதல் மார்ச் வரை தினமும் இந்தச் சுழலின் நிலையைக் காட்டும் படத்தைத்தான் முதலில் திறப்போம். 2018 பிப்ரவரி 12 வாக்கில் மேலே காற்று திரும்பியது. அப்போது லண்டனில் ஒன்றுமே இல்லை, மாசக் கடைசியில்தான் கிழக்கிலிருந்து பனிப்புயல் வந்து ஊரே நின்றது. 2019-20இல் நேர் எதிர், சுழல் உறுதியாக இருந்தது, ஐரோப்பாவில் குளிர்காலமே சரியாக வரவில்லை. ஆனால் ஒவ்வொரு வெப்பமேற்றமும் கீழே வந்து சேராது, சிலது மேலேயே அடங்கிவிடும். உங்கள் அக்கா பட்ட குளிருக்கு 4 வாரம் முன்னால், 2019 ஜனவரி தொடக்கத்தில் ஒன்று நடந்தது உண்மைதான், அதற்காக முழுக் காரணமும் அதுதான் என்று நான் சொல்ல மாட்டேன். நாங்கள் கிளையண்டுக்குச் சொல்வது ‘குளிருக்கு வாய்ப்பு கூடியிருக்கிறது’ என்பது மட்டும்தான். எப்போது, எந்த ஊரில் என்பது கடைசி 10 நாளில்தான் தெளியும்.

மடிப்பாக்கத்துக்காரி:
சரி தம்பி, அங்கே புரிந்தது. அப்போ நமக்கு?

மழைக்கணக்கு:
நமக்கு அந்தக் குளிர் வராதும்மா. அது ஐரோப்பா, வட ஆசியா, வட அமெரிக்காவோடு முடிகிற கதை. சென்னையில் மார்கழி ராத்திரி குளிர்வது வானம் தெளிந்து, வடகிழக்கிலிருந்து உலர்ந்த காற்று வருவதால். வடகிழக்குப் பருவமழைக்கு எல் நினோ, இந்தியப் பெருங்கடலின் வெப்பநிலை, மேடன்-ஜூலியன் அலை (வெப்ப மண்டலத்தில் கிழக்கு நோக்கி நகரும் மேக, மழைக் கூட்டம்), இவற்றைத்தான் பார்க்க வேண்டும். உண்மையில் சங்கதி தலைகீழ். பூமத்தியரேகைக்கு மேலே ஸ்ட்ராட்டோஸ்பியரில் சுமார் 28 மாதத்துக்கு ஒரு சுற்றாகக் காற்று கிழக்கும் மேற்குமாக மாறுகிறது, அது கிழக்குக் காற்றாக இருக்கும் குளிர்காலத்தில் துருவச் சுழல் தளர வாய்ப்பு கூடுகிறது. வெப்ப மண்டலத்து வானம் லண்டன் குளிரில் கை வைக்கிறது, இதை முதலில் படித்தபோது எனக்கு அன்று தூக்கமே வரவில்லை.

மாமியாருக்கு நான் பயப்படுவது போகிக்குத்தான். அந்த விடியற்காலையில் தரையோரம் குளிர்ந்த காற்று, அதற்கு மேலே சூடான காற்று மூடிபோல் உட்கார்ந்திருக்கும், எரித்த புகை மேலே போக வழியில்லாமல் தெருவிலேயே நிற்கும். 2018 போகியன்று புகையில் சென்னை விமான நிலையத்தில் விமானங்களே தடுமாறின. முந்தின ராத்திரியே ஜன்னலைச் சாத்திவிடுங்கள், இன்ஹேலரில் மருந்து இருக்கிறதா என்று பாருங்கள், வெயில் நன்றாக ஏறிய பிறகு வெளியே அழைத்துப் போங்கள்.