லார்ப் விளையாட நடிப்பு தெரிந்திருக்க வேண்டுமா?

நொய்யல்_அம்மணி (கோவை):
மாசி மாதம் சென்னிமலைப் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளையில் இரண்டு நாள் லார்ப் வைத்திருக்கிறோம். புதிதாகப் படிப்பவர்களுக்கு: வேஷம் கட்டிக்கொண்டு ஒரு கதைக்குள் போய், நாமே பாத்திரமாக நடமாடும் விளையாட்டு இது. எழுதிக் கொடுத்த வசனம் இல்லை, மேடை இல்லை, பார்க்க ஆளும் இல்லை. இந்தமுறை கதைக்களம் கொடுமணம், பதிற்றுப்பத்தில் வருகிற அதே ஊர், இன்றைய கொடுமணல். மணி செய்கிறவர்கள், இரும்பு உருக்குகிறவர்கள், மேலைக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் வணிகச் சாத்து என்று 30 பாத்திரங்கள்.

என் கேள்வி இதுதான். போன தடவை வந்த 18 பேரில் ஏழெட்டுப் பேர் மத்தியானத்துக்கு மேல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறக்கவே கூச்சம். அதனால் இந்தமுறை நாடக அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை, மற்றவர்கள் ஒருநாள் நடிப்புப் பட்டறைக்கு வந்தே ஆகவேண்டும் என்று வைக்கலாமா?

பகடைக்காரன் (திருப்பூர்):
வேண்டாங்க. பனியன் கம்பெனியில் இரண்டு நாள் லீவு வாங்குவதற்குள் உயிர் போகிறது, இதில் பட்டறைக்கு ஒருநாளா?

போன தடவை நானும் இருந்தேன். ஆட்டத்தைக் கெடுத்ததே நாடகக்காரர்தான். வணிகர் தலைவராக வந்தவர் களத்து நடுவில் நின்றுகொண்டு மழை பொய்த்ததைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நல்ல குரல், நல்ல தமிழ், மறுக்கவில்லை. ஆனால் சுற்றி நின்ற ஒன்பது பேரும் என்ன செய்வது? கைகட்டிக் கேட்டோம். வேப்பமரத்தடிக்கு ஆள் போகத் தொடங்கியதே அதற்கப்புறம்தான்.

அதே ஆட்டத்தில் காங்கேயத்திலிருந்து ஒரு பையன் வந்திருந்தான், மாட்டுத் தரகர் மகன். பள்ளி ஆண்டுவிழா மேடைகூட ஏறாதவன். பாசிமணி விற்கும் பாத்திரம் கொடுத்தோம். யாரும் சொல்லாமலே தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கைமேல் போட்டு, அதற்குள் விரல் பிடித்து விலை பேச ஆரம்பித்துவிட்டான், சந்தையில் மாட்டுக்குப் பேசுகிற மாதிரியே. பத்து நிமிடத்தில் ஊரே துண்டுக்குள் கைவிட்டுப் பேரம் பேசியது. எந்த விலைக்கு முடிந்தது என்று பக்கத்தில் நிற்கிறவனுக்கே தெரியாது, அதிலேயே நாலு சண்டை, ஒரு துரோகம். எந்தப் பட்டறையில் இதைச் சொல்லித் தருவார்கள்?

அரிதாரம் (கோவை):
பேசினது நானில்லை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நவீன நாடகத்தில் 12 வருஷமாக இருக்கிறேன். ஒரு மோசமான நடிகரைக் காட்டி நடிப்பையே எடைபோட்டால் எப்படி, தம்பி? நடுவில் நின்று தனியாகப் பொழிவதை எங்கள் ஒத்திகையிலும் திட்டத்தான் செய்வார்கள்.

நடிப்புப் பயிற்சியில் பாதி, கேட்கிற பயிற்சி. கீத் ஜான்ஸ்டன் என்ற நாடக ஆசிரியர் உடனடி நடிப்பில், அதாவது எழுதிவைக்காமல் அங்கேயே உண்டாக்குகிற நடிப்பில், சொல்லிக் கொடுத்ததன் சாரமே இதுதான்: எதிராளி எதை நீட்டுகிறானோ அதை வாங்கிக்கொள், தட்டிவிடாதே. அந்தப் பையன் துண்டை நீட்டினான், சரி. முதன்முதலில் அதற்குள் கைவிட்டது யார் என்று ஞாபகம் இருக்கிறதா? நான். "இதென்னப்பா துண்டு?" என்று யாராவது சிரித்திருந்தால் அங்கேயே செத்திருக்கும். மரத்தடியில் உட்கார்ந்தவர்களுக்கு ஆர்வம் இல்லாமல் இல்லை. ஒருவர் ஒன்று சொன்னால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. அது பழக்கத்தில் வருவது.

பகடைக்காரன் (திருப்பூர்):
கையை விட்டது நீங்கள்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது? 1974ல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திர விளையாட்டு வந்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து விளையாடுவது பற்றாமல்தான் பலர் எழுந்து வெளியே போனார்கள். 1982ல் இங்கிலாந்தில் பெக்ஃபோர்ட்டன் கோட்டையில் டிரெஷர் டிராப் என்ற லார்ப் ஆரம்பித்தபோது போனவர்களுக்கு வேண்டியிருந்தது கோட்டை இருட்டில் வாளோடு ஓடுகிற ஆசைதான். மேடை அனுபவமா கேட்டார்கள்?

அரிதாரம் (கோவை):
பஞ்சு வைத்த வாளைச் சுழற்றுவதற்கு முழங்கால் நன்றாக இருந்தால் போதும், நடிப்பு வேண்டாம்தான். ஆனால் நொய்யல் அம்மணி நடத்துவது வாள் சண்டை இல்லையே? நார்வே, ஸ்வீடன் பக்கத்து லார்ப்காரர்கள் 1997லிருந்து வருஷா வருஷம் க்னூட்டபுங்க்ட் என்று கூடிப் பேசுகிறார்கள். அவர்களுடைய ஆட்டங்கள் பலவற்றில் சண்டையே கிடையாது. ஒரு குடும்பம், ஒரு துக்கம், அவ்வளவுதான். அதை வெறும் ஓட்டத்தால் தாங்க முடியுமா?

எடப்பாடி_வேஷக்காரன்:
ரெண்டு பேருக்கும் நடுவில் வருவதற்கு மன்னிக்கணுங்க. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கூத்து. அப்பா வாத்தியார். நான் வேஷம் கட்டுவேன், பகலில் விசைத்தறி.

போன வருஷம் கூட்டாளி ஒருத்தன் இழுத்துக்கொண்டு போனான். எனக்குக் கொல்லன் பாத்திரம். நான் என்ன செய்தேன் தெரியுமா? பழக்கதோஷத்தில், திரைக்குப் பின்னால் நின்றுவிட்டு வருகிறவன் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி, நான் இன்னார், இன்ன காரணத்துக்காக வந்திருக்கிறேன் என்று சபைக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். சபையே இல்லை! அக்கட்ட ஒரு அம்மா முறத்தில் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அப்புறமும் உடம்பு கேட்கவில்லை. யாரோடு பேசினாலும் முகம் வெளிச்சம் இருக்கிற பக்கம் திரும்பியது. குரல் கடைசி வரிசைப் பாட்டிக்குப் போனது, எதிரில் நிற்கிறவருக்குப் போகவில்லை. அரை நாள் ஆயிற்று இதை விடுவதற்கு. அந்த அரை நாள் தரகர் மகனுக்குத் தேவைப்பட்டிருக்காது. இது உண்மை.

ஆனால் இன்னொன்றும் உண்மை. கூத்தில் பாட்டுதான் மனப்பாடம். வசனம் பெரும்பாலும் அந்த இடத்தில் வருவது. எதிர்வேஷக்காரன் எங்கே இழுத்தாலும் போய்விட்டுக் கதைக்குத் திரும்ப வேண்டும், அதையும் பொழுது விடியும்வரை. அது எனக்கு உதவியது. அதனால் நடிப்பு என்று பொதுவாகச் சொன்னால் எனக்குப் புரியவில்லை. காகிதத்தில் இருப்பதை ஒப்பிக்கிற நடிப்பா, நின்ற இடத்தில் உண்டாக்குகிற நடிப்பா?

பவானி_டீச்சர்:
வேஷக்காரத் தம்பி சொன்னதைப் படித்ததும் எங்கள் அப்புச்சி ஊர் அண்ணமார் கோயில் படுகளம் ஞாபகம் வந்தது. இரவு முழுக்க உடுக்கையடித்துப் பொன்னர் சங்கர் கதை பாடுவார்கள். அண்ணமார் மடிகிற கட்டம் வரும்போது கூட்டத்தில் நிற்கிறவர்களே படுகளத்தில் விழுவார்கள். வெள்ளைத் துணி போர்த்தி வைத்திருப்பார்கள். தங்காள் அழுது, தண்ணீர் தெளித்துத்தான் எழுப்ப வேண்டும். விழுகிறவர்களில் யாருங்க நடிகர்? ஒருத்தர் மஞ்சள் வியாபாரி, ஒருத்தர் லாரி ஓட்டுகிறவர். கதையை உடம்பில் வாங்க நடிப்புத் தேவையில்லை என்பதற்கு இதற்குமேல் என்ன சாட்சி?

எடப்பாடி_வேஷக்காரன்:
அக்கா, கோவித்துக்கொள்ளாதீங்க. படுகளத்தை விளையாட்டோடு சேர்க்காதீங்க. விழுகிறவர் பாத்திரமாக விழுவதில்லை. சாமி வந்து விழுகிறார். விரதம் இருந்து வருகிறவர்கள். கூத்திலேயே சில இரவில் துச்சாதனன் வேஷக்காரருக்கு ஆவேசம் வந்து பிடித்து நிறுத்த வேண்டியிருக்கும். அதை நாங்கள் நடிப்பு என்று சொல்லமாட்டோம்.

பவானி_டீச்சர்:
சரி தம்பி, ஒப்பிட்டது தப்பு என்றால் திருத்திக்கொள்கிறேன். பக்தியை விளையாட்டு என்று சொல்ல வரவில்லை. நான் சொல்ல வந்ததில் விழுவது பாதிதான். எழுப்புவதற்கு அங்கே முறை இருக்கிறது, ஆள் இருக்கிறது. யாரையும் விழுந்த இடத்தில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போவதில்லை. உங்கள் லார்ப்பில் எழுப்புவது யார் என்று கேட்கிறேன்.

அரிதாரம் (கோவை):
டீச்சர் கேட்டதுதான் சரியான கேள்வி. நடிப்பு அனுபவம் அங்கேதான் உதவுகிறது என்பேன்.

போன ஆட்டத்தில் ஒரு பெண்ணுக்குக் கடனுக்காக மணிப்பட்டறையில் அடகு கிடக்கும் பாத்திரம். சாயங்காலம் அவர் அழுதபோது எல்லோரும் பிரமாதமாக நடிக்கிறார் என்று நினைத்தார்கள். எனக்கு மூச்சு வித்தியாசமாகப் பட்டது. பாத்திரம் அழும்போது ஆள் உள்ளே கொஞ்சம் விலகி நின்று பார்த்துக்கொண்டிருப்பார். இவரிடம் அந்த ஆள் இல்லை. என் பாத்திரத்தை விடாமலே "பட்டறை முதலாளி கூப்பிடுகிறார்" என்று சொல்லிக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், அவருடைய நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். வீட்டில் நிஜமாகவே கடன் பிரச்சினையாம்.

பாத்திரத்தின் உணர்ச்சி ஆளுக்குள் ஒழுகுவதையும், ஆளின் உணர்ச்சி பாத்திரத்துக்குள் ஒழுகுவதையும் லார்ப்காரர்கள் பிளீட் என்கிறார்கள். எமிலி கேர் பாஸ் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர் 2007ல் வைத்த பெயர். நாடகக்காரர்களுக்குப் பெயர்தான் புதிது, சங்கதி பழசு. ஒப்பனையைக் கலைத்து, கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் டீக்கடைக்குப் போவோம்.

பகடைக்காரன் (திருப்பூர்):
அண்ணா, நல்ல காரியம் செய்தீர்கள். ஆனால் அது நடிப்பா? எங்கள் அம்மாவும் ஒரு நிமிடத்தில் கண்டுபிடிப்பார், நான் அழுகிறேனா நடிக்கிறேனா என்று. அவர் எந்த நாடகக் குழு?

அரிதாரம் (கோவை):
உங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்க, முன்னுரிமை தரலாம்.

நொய்யல்_அம்மணி (கோவை):
படித்துவிட்டு ஒன்று தோன்றியது. கேட்டுப் பார்க்கிறேன். நடிகருக்குப் பழக்கம், அடுத்தவருக்காக ஆடுவது. விளையாட வருகிறவர் தனக்காக ஆடுகிறார். அப்படியென்றால் நாடகக்காரர்களை விளையாட்டுக்காரர்களாகச் சேர்க்காமல் என்பிசிகளாக, அதாவது நடத்துகிறவர்கள் பக்கத்துத் துணைப் பாத்திரங்களாக, வைத்தால் என்ன? சுங்கக்காரன், வழிப்போக்கன், செய்தி கொண்டுவரும் தூதன். மற்ற 30 பேருக்குக் கதையை நகர்த்திக் கொடுக்கிற வேலை.

அரிதாரம் (கோவை):
அதாவது 12 வருஷ அனுபவத்துக்குக் கூலியாக வேலைக்காரன் வேஷம். நன்றாக இருக்கிறது.

எடப்பாடி_வேஷக்காரன்:
அண்ணா, அப்படிச் சொல்லாதீங்க. எங்கள் கூத்தில் கட்டியக்காரன் யார்? ராஜாவுக்கு வழிவிடச் சொல்கிறவன், கேள்வி கேட்கிறவன், ஒருத்தன் வசனம் மறந்தால் எடுத்துக் கொடுக்கிறவன், சனம் தூங்கினால் சிரிக்க வைக்கிறவன். அவனுக்கென்று கதையில் ஒன்றுமே இல்லை. ஆனால் அப்பா ராஜா வேஷத்தை எனக்கு 19 வயசில் கொடுத்தார், கட்டியக்காரனை 31ல்தான் கொடுத்தார். அம்மணி சொல்லும் என்பிசி அதுதான் என்றால் நான் வருகிறேன். ஒரே பயம், சபை இல்லாத இடத்தில் கட்டியம் எப்படிக் கூறுவது என்று பழக வேண்டும்.

பகடைக்காரன் (திருப்பூர்):
இதற்கு நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நடிகர்கள் எல்லோரும் என்பிசி என்று விதி போடாதீர்கள். அவர்களிலும் சும்மா விளையாட ஆசைப்படுகிறவர் இருப்பார்.

நொய்யல்_அம்மணி (கோவை):
விதி இல்லை, விருப்பம் கேட்போம். முன்னுரிமையும் கிடையாது. தனிப் பட்டறையும் கிடையாது. முதல் நாள் காலை மூன்று மணி நேரம் மட்டும் எல்லோரும் சேர்ந்து பழகலாம். நீட்டுவதை வாங்கிக்கொள்வது ஒரு பயிற்சி. வடநாட்டு லார்ப்காரர்கள், நார்வே பக்கத்தைச் சொல்கிறேன், வைத்திருக்கிற இரண்டு சொல் இன்னொன்று: "கட்" என்றால் எல்லாம் நிற்கும், "பிரேக்" என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். இரண்டாம் நாள் சாயங்காலம் வேஷத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசாமல் யாரும் பஸ் ஏறக்கூடாது. டீச்சர், அந்த ஒரு மணி நேரத்தை நீங்கள் பார்த்துக்கொள்வீர்களா?

பவானி_டீச்சர்:
ஞாயிற்றுக்கிழமை என்றால் வருகிறேன். விளையாடமாட்டேன்.

அரிதாரம் (கோவை):
சரி, சுங்கக்காரனை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் துண்டுக்குள் பேசுகிற விலைக்கு எப்படிச் சுங்கம் வாங்குவது?

பகடைக்காரன் (திருப்பூர்):
தரகர் மகனைக் கேட்டேன். அவனுக்கு வேறு கவலை: கொடுமணம் காலத்தில் துண்டு இருந்ததா?