நடுவுல நடந்தா அது ஓட்டம் இல்லையா?

அல்சூர்வாசி:
பெங்களூரு கப்பன் பார்க்ல 5 கி.மீ. நிக்காம ஓடிடுறேன். 10 கி.மீ. முயற்சி பண்ணா ஏழாவது கிலோமீட்டர்லயே கால் கனத்துடுது. நடந்தா, கூட வர்ற நண்பர் "இதுக்கு வாக்கிங்கே போகலாமே"ங்கறார். நடக்கலாமா?

ஜெயநகர் அக்கா:
தாராளமா நடங்க தம்பி. 1972 ஒலிம்பிக்ல 10,000 மீட்டர் ஓடின ஜெஃப் கேலவே சொல்லிக்கொடுத்த முறையே இதுதான். ஆனா களைச்சப்புறம் நடந்து பிரயோஜனமில்ல. முதல் கிலோமீட்டர்லேர்ந்தே நடுநடுவுல நடக்கணும். நான் நாலு நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் வேகநடை. அந்த ஒரு நிமிஷத்துல போனை மட்டும் எடுத்துடாதீங்க, அஞ்சாயிடும்!

மெதுவோட்டக்காரன்:
லால்பாக் பாறை ஏத்தத்துல நான் எப்பவும் நடைதான். நண்பரை 15 கி.மீ.க்குக் கூட்டிட்டுப் போங்க சார், அப்புறம் பேசட்டும்.

அல்சூர்வாசி:
வாட்ச்ல அலாரம் வெச்சாச்சு அக்கா. நண்பர்கிட்ட இன்னும் சொல்லல.