ஆளின் சுயரூபம் தெரிந்த அந்த நொடி: உங்கள் அனுபவம் என்ன?

தறிநாடா, திருப்பூர்

எங்கள் மெர்ச்சண்டைசிங் மேனேஜர். தனியாக இருக்கும்போது "நீங்க இல்லைன்னா இந்த டிபார்ட்மெண்டே இல்லைம்மா" என்பார். மீட்டிங் என்றால் பழி மொத்தமும் என் தலையில். அன்று துணி ஷேடு மாறி வந்துவிட்டது. லேப் டிப் (சாயம் சரியா என்று பார்க்கும் மாதிரித் துணி) அப்ரூவலுக்குக் காத்திருக்காமல் டையிங்குக்கு அனுப்பச் சொன்னவர் அவர்தான், முந்தின நாள் வாட்ஸ்அப்பில். எம்.டி. முன்னால் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்றார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. காட்டலாம் என்று போனைத் திறந்தேன். என் கண் முன்னாலேயே அந்த வரி போய், 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று வந்தது. நிமிர்ந்து பார்த்தால் அவர் கை மேஜைக்கு அடியில். "டென்ஷன் ஆகாதீங்கம்மா, தண்ணி குடிங்க" என்று பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன். அந்தப் பாட்டிலை நகர்த்தியதுதான் இன்னும் ஆறவில்லை.

பவளமல்லி

அக்கா, அந்த "டென்ஷன் ஆகாதீங்க" எனக்கும் நன்றாகத் தெரியும். என் வீட்டுக்காரர் ஊருக்குத் தங்கமான மனுஷன். என் ஏ.டி.எம். கார்டு அவரிடம், நான் போன் பேசினால் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், அதெல்லாம் இங்கே பலர் பார்த்ததுதான். ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது கார்டு விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா தோசைத் திருப்பியைக் கீழே வைத்துவிட்டு, என் தலையைத் தடவி, "மாத்திரை ஒழுங்காப் போடுறியாடி?" என்றார்.

நான் எந்த மாத்திரையும் சாப்பிடுவதில்லை.

எனக்கு மனநலம் சரியில்லை என்றும், "அவளிடம் கேட்டுவிடாதீர்கள், தாங்கமாட்டாள்" என்றும் என் வீட்டுக்காரர் மாதக்கணக்கில் அம்மாவுக்குப் போன் போட்டு அழுதிருக்கிறார். இனி நான் எதைச் சொன்னாலும் அது வியாதியின் பேச்சு. தம்பிகூடக் கைக்குழந்தையிடம் பேசுவதுபோல் மெதுவாகப் பேசினான். தன்னைத் தவிர யாரையும் மதிக்காத ஆளை நார்சிசிஸ்ட் என்கிறார்களே, அது இவர்தான்.

மணவை மைந்தன்

சகோதரி, மன்னிக்கணும். நார்சிசிஸ்ட் என்று நாமே முத்திரை குத்தக் கூடாது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வரையறையில் ஒன்பது அடையாளங்கள், அதில் குறைந்தது ஐந்து நிலையாக இருக்க வேண்டும். அதையும் மருத்துவர் நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். 2002-ல் கனடாவில் பால்ஹஸ், வில்லியம்ஸ் இருவரும் தற்பெருமை, சூழ்ச்சி, ஈவிரக்கமின்மை மூன்றையும் ஒன்றாக வைத்து ஆராய்ந்தார்கள். அதுகூட நோயாளிகளைப் பற்றியது அல்ல, சாதாரணமாக நடமாடுகிறவர்களிடம் இருக்கும் குணங்களைப் பற்றியது.

என் கதை சின்னது. சார்பதிவாளர் அலுவலகத்தில் அண்ணன் "அப்பாவோட ஆசைடா" என்று என் தோளில் சாய்ந்து அழுதார். சொத்தில் என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் ரேகை வைத்த விரலை நான் துடைப்பதற்குள் அழுகை நின்றுவிட்டது. "பத்திரம் எப்பங்க கைக்கு வரும்?" என்று கணீரென்ற குரலில் கேட்டார்.

நான் சொல்ல வந்தது, ஆளுக்குப் பெயர் தேடாமல் அவர் செய்ததைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை உடனே எடுத்து, நம்பகமான ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி அடிப்பது மட்டும் வன்முறை இல்லை. சொல்லால், மனதளவில் கொடுமைப்படுத்துவதும், பணத்தைப் பிடித்து வைப்பதும் அதில் வரும். மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைக் கேளுங்கள். பெண்கள் உதவிக்கு 181, மனநல ஆலோசனைக்கு 14416. புதுக் கணக்கு தொடங்கிச் சம்பளத்தை அதற்கு மாற்றுங்கள். வங்கிக் குறுஞ்செய்தி எந்த எண்ணுக்குப் போகிறது என்றும் பாருங்கள்.

இளவேனில்

மணவை அண்ணா, அந்தப் பெயர் கிடைத்த பிறகுதான் பலருக்கு 'கோளாறு என்னிடம் இல்லை' என்ற தெளிவே வருகிறது. அதைப் பறிக்காதீர்கள். என் ரூம்மேட்டிடம் முதன்முதலாக "பணம் இல்லை" என்றேன். அன்றிரவு 'என் உயிர்த்தோழி' என்று என் போட்டோவை ஸ்டேட்டஸ் வைத்தாள். மறுநாள் காலை, அவளிடம் மட்டும் சொல்லியிருந்த அம்மாவின் வியாதி வகுப்பு முழுக்கத் தெரிந்திருந்தது. எந்த மருத்துவரும் அவளைப் பார்க்கவில்லை. அதற்காக நான் பார்த்தது இல்லையென்று ஆகிவிடுமா?

பவளமல்லி

சண்டை வேண்டாம், ப்ளீஸ். 181-ஐக் குறித்துக்கொண்டேன் அண்ணா. எனக்கு இப்போது முதலில் அம்மா நம்ப வேண்டும். அம்மாவையும் அழைத்துக்கொண்டு மனநல மருத்துவரிடம் போய், எனக்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர் வாயாலேயே சொல்ல வைக்கலாமா என்று யோசிக்கிறேன். யாராவது இப்படிச் செய்திருக்கிறீர்களா?