குதிகால் முள்ளா, குதிமுளையா?

ஐயாவுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். குதி எலும்பில் வளரும் நீட்சியை ஆங்கிலத்தில் heel spur என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற பேச்சில் எழுந்த இரண்டு கேள்விகளுக்கு என் பதில்.

> 'குதிகால் முள்' பத்திரிகைகளில் புழங்கிவிட்டது. புதிதாக ஒன்று எதற்கு?

புழங்குகிறது, சரிதான். ஆனால் குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் இயன்முறை மருத்துவம் செய்கிற எனக்கு அந்தச் சொல்லோடு தினமும் மல்லுக்கட்டு. விடியுமுன் மலைச்சரிவில் ரப்பர் வெட்டப் போகிறவர்கள் எக்ஸ்ரே படத்தோடு வருவார்கள். "பாயில இருந்து எழும்பினா தரையில சவுட்ட முடியல்ல சாரே. நாலடி நடந்தா கொள்ளாம்" (மிதிக்க முடியவில்லை, நாலடி நடந்தால் பரவாயில்லை) என்பார்கள். அடுத்த கேள்வி: "உள்ள முள்ளு இருக்காம். எப்ப எடுக்கணும்?"

முள் என்றால் வெளியிலிருந்து ஏறியது, ஊசியால் தோண்டி எடுக்க வேண்டியது. இதுவோ குதி எலும்பின் அடியில் எலும்பே மெல்ல வளர்ந்து நீண்டது. வலியே இல்லாத பலருக்கும் இருக்கும். கடுமையான வலி உள்ள சிலருக்கோ படத்தில் ஒன்றும் தெரியாது. நோவு பெரும்பாலும், குதியிலிருந்து விரல்கள் நோக்கி ஓடும் பட்டை போன்ற திசு எலும்போடு ஒட்டுகிற இடத்தில்தான்.

ஆங்கிலேயர் குதிரை ஓட்டி தன் குதியில் கட்டும் முள்ளை நினைத்துப் பெயர் வைத்தார்கள். நாமும் அதைக் குதிமுள் என்போம். ஆகவே மொழிபெயர்ப்பில் குற்றமில்லை. ஆனால் அந்த முள் குதிக்குப் பின்னால், வெளியே நீட்டுவது. நமக்குச் சிக்கல் அடியில்.

என் பரிந்துரை: குதிமுளை. முளை தானாகக் கிளம்புவது. மாடு கட்ட அறைகிறதும் முளைதான். அதில் கட்டிய கயிறு மாதிரி அந்தப் பட்டை. (பல சமயம் முளை இருப்பது பட்டைக்குச் சற்று மேலே, சிறுதசை தொடங்கும் இடத்தில். உவமையில் அவ்வளவு கறார் வேண்டாம்.) என் மனைவிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. முளை என்றதும் மூலநோய்தான் நினைவுக்கு வருகிறதாம். முன்னால் 'குதி' இருக்கிறதே என்று சமாளித்தேன்.

> பட்டையில் வரும் வலிக்கு (plantar fasciitis) 'பாதநாண் அழற்சி' போதாதா?

இரண்டு பாதியுமே இடிக்கிறது. நாண் என்பதை, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணுக்கு (tendon) ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். அழற்சியும் சந்தேகம்தான். அறுவையில் எடுத்த 50 மாதிரிகளைச் சோதித்த 2003ஆம் ஆண்டு ஆய்வு, அழற்சியைவிடத் திசுச் சிதைவையே கண்டது. 'பாதப்பட்டை நோவு' என்றால் காரணத்தில் தலையிடாமல் இடத்தைச் சொல்லிவிடும். நோவு எங்கள் ஊர்ப் பேச்சிலும் உயிரோடு இருக்கிறது. சித்த மருத்துவத்தின் 'குதிகால் வாதம்' எலும்பையல்ல, நோயைச் சொல்வது. அதை அப்படியே விடலாம்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: சிகிச்சை முழுவதும் அந்தப் பட்டைக்கும் கெண்டைக்காலுக்கும்தான். எழும்புமுன் கால்விரல்களைக் கையால் பின்னுக்கு இழுத்துப் பிடிப்பது, சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டுவது, டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடக்காதது, செருப்பில் குதிக்கு மெத்தை வைப்பது, உறைந்த தண்ணீர் பாட்டிலைப் பாதத்தடியில் உருட்டுவது. கேட்காவிட்டால் ஊசி, அதிர்வலை (shock wave) சிகிச்சை. அறுவை அரிது. பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் நோவு போய்விடும், முளை இருந்த இடத்திலேயே இருக்கும். முள் என்று கேட்டுப் பழகியவரிடம் இதைச் சொன்னால், "எடுக்காம எப்படி சாரே தீரும்?" என்று அடுத்த ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுகிறார்.

ஒன்று பாக்கி. குதியின் பின்பக்கம், கெண்டைக்கால் நாண் ஒட்டும் இடத்திலும் இப்படி வளரும். 'பின்குதிமுளை' என்று எழுதிப் பார்த்தேன். வாய்க்கு வரவில்லை. யாருக்காவது நல்லதாக ஒன்று தோன்றுகிறதா?