மறு: ‘ஓப்பன் வேர்ல்டு’ ஆட்டங்களுக்கு ஒரு சொல்: உலாக்களம்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

கார்ப்பந்தயக் கணினி ஆட்டங்களுக்கு நாம் தொகுக்கிற தமிழ்ச் சொற்பட்டியலுக்காக, சென்ற வாரம் இந்த இழையில் ‘ஓப்பன் வேர்ல்டு’ (ஆடுகிறவர் விருப்பம்போல் திரிய ஒரு முழு உலகத்தையே கொடுக்கிற ஆட்ட வகை) என்பதற்குத் ‘திறந்த உலகம்’ என்று எழுதி வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டோம். அப்போது நானும் சரி என்றுதான் எழுதினேன். இப்போது அந்தச் ‘சரி’யைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகன் நீட் ஃபார் ஸ்பீட் மோஸ்ட் வான்டட் என்ற கார்ப்பந்தய ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தான். 2005இல் வந்த ஆட்டம். அவனுடைய பழைய கணினியில் அதுதான் திணறாமல் ஓடுகிறது. ராக்போர்ட் என்ற கற்பனை நகரம். திரை முழுக்க மஞ்சள் வெயில், மரங்களில் பழுத்த இலைகள். வண்டி ஒரு பெட்ரோல் பங்கைத் தாண்டி, பாலத்துக்கு அடியில் புகுந்து, ஒரு சந்துக்குள் திரும்புகிறது. எதிரில் போட்டியாளர் யாரும் இல்லை. ‘பந்தயம் எப்போடா ஆரம்பிக்கும்?’ என்று கேட்டேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னான்: ‘பந்தயம் இல்ல மாமா. சும்மா சுத்திக்கிட்டு இருக்கேன்.’

அந்தப் பதில்தான் என்னை யோசிக்க வைத்தது. இந்த வகை ஆட்டத்தின் உயிர் அந்தச் சும்மா சுற்றுவதில் இருக்கிறது. உலகம் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று ஆடுகிறவன் நினைப்பதே இல்லை.

இதே வரிசையில் அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்த இரண்டு ஆட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2003இல் வந்த அண்டர்கிரவுண்டில் பட்டியலிலிருந்து ஒரு பந்தயத்தைத் தேர்ந்தெடுக்கிறோம், ஓட்டுகிறோம், முடிந்ததும் மறுபடி பட்டியலுக்கு வருகிறோம். 2004இல் வந்த அண்டர்கிரவுண்டு 2இல் பேவியூ என்று ஒரு நகரத்தையே கையில் கொடுத்துவிட்டார்கள். பந்தயம் நடக்கிற இடத்துக்கு நாமே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். வண்டிக்குப் பெயின்ட் அடிக்கிற கடையைக்கூட நாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். வண்டிகள், வேகம், இரவு, நியான் வெளிச்சம் எல்லாம் ஏறக்குறைய அதேதான். இரண்டு பந்தயங்களுக்கு நடுவே இருந்த வெற்றிடத்தில் ஒரு ஊர் வந்து உட்கார்ந்தது, அதுதான் பெரிய மாற்றம். நாம் தேடும் சொல் அந்த மாற்றத்தைச் சொல்ல வேண்டும்.

‘திறந்த உலகம்’ அதைச் சொல்லவில்லை என்பது ஒரு குறை. இன்னொன்று, கணினித் தமிழில் ‘திறந்த’ என்பது ஏற்கெனவே வேறு இடத்தில் குடியேறிவிட்டது. திறமூலம், திறந்த மூலம் என்று எழுதிப் பழகிய கண், ‘திறந்த உலக ஆட்டம்’ என்று பார்த்தால் நிரல் திறந்து கிடக்கிற ஆட்டம் என்றுதான் முதலில் நினைக்கும். திருச்சி ஐயா முன்மொழிந்த ‘கட்டற்ற உலகு’க்கும் இதே சிக்கல்தான். கட்டற்ற மென்பொருள் என்று நாம்தான் ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி நிலைநாட்டினோம். அந்த அடையை இப்போது இன்னொரு பொருளுக்குக் கொடுத்தால் இரண்டும் குழம்பும். ‘திறந்தவெளி ஆட்டம்’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். திறந்தவெளி அரங்கு, திறந்தவெளிச் சிறை என்றெல்லாம் வழங்குவதால், அது மைதானத்தில் போய் ஆடுகிற ஆட்டம் என்றே கேட்கிறது.

பையன் சொன்ன சொல்லையே எடுத்துக்கொண்டு ‘ஊர்சுற்றி ஆட்டம்’ என்று ஒரு நாள் முழுக்க மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். நெருக்கமாக இருக்கிறது. ஆனால் ஊர்சுற்றி என்றால் வேலைவெட்டி இல்லாதவன் என்ற வசை ஒட்டிக்கொண்டு வருகிறது. அதோடு, சுற்று என்ற சொல் பந்தயத்தில் வேறொன்றுக்குத் தேவைப்படுகிறது: மூன்று சுற்றுப் பந்தயம், கடைசிச் சுற்று. அதை இங்கே செலவழித்துவிட்டால் அங்கே திண்டாடுவோம்.

அப்புறம்தான் ‘உலா’ கிடைத்தது.

சுவாமி வீதியுலா என்று திருவிழா அழைப்பிதழ்களில் அச்சடிக்கிறோம். வாகனம், வீதி, ஊர் ஆகிய மூன்றும் அந்த ஒரு சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. சிற்றிலக்கிய வகையாகிய உலாவிலும் தலைவன் யானை மேலோ தேர் மேலோ குதிரை மேலோ ஏறித் தெருத்தெருவாகப் பவனி வருகிறான். ஏழு பருவத்துப் பெண்களும் பார்த்து நிற்கிறார்கள். அவன் எங்கேயாவது போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்று அங்கே யாரும் கேட்பதில்லை, வருவதுதான் செய்தி. நகரத் தெருவில் அழகான வண்டியை ஓட்டிக்கொண்டு வருவதையே மையமாக வைத்த ஓர் ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் நம்மிடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கணினியிலும் இது புதிதில்லை. இணையத்தில் இடம்விட்டு இடம் போக உதவும் மென்பொருளுக்கு ‘உலாவி’ என்று பெயர் வைத்தோம், அது நிலைத்தும்விட்டது.

ஆகவே என் முன்மொழிவு இது. பந்தயம் இல்லாமல் சும்மா ஓட்டித் திரிகிற நிலைக்கு ‘உலா’. அப்படித் திரிய இடம் கொடுக்கிற முழு உலகத்துக்கு ‘உலாக்களம்’. அப்படிப்பட்ட ஆட்டத்துக்கு ‘உலாக்கள ஆட்டம்’. வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: ‘ஃபோர்ஸா ஹொரைசன் 5இன் உலாக்களம் மெக்சிகோ.’ ‘ஹவாயின் ஓவாஹு தீவையே உலாக்களமாக்கியது 2006இல் வந்த டெஸ்ட் டிரைவ் அன்லிமிடெட்.’ ‘பந்தயத்தை விட்டு வெளியேறி உலாவுக்குத் திரும்பு.’ மூன்றும் என் நாக்கில் தடுக்கவில்லை. உங்கள் நாக்கையும் கேட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மதுரையிலிருந்து

*

ஐயா, வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன்.

உலாக்களம் நல்ல சொல். ஆனாலும் எனக்கு இரண்டு தயக்கங்கள் உண்டு.

உலா என்றதும் எனக்கு ஆறுதலான நடைதான் நினைவுக்கு வருகிறது. பின்னேரம் கடற்கரையில் உலாவுவது போல. மணிக்கு 300 கிலோமீற்றரில் பறக்கிற காருக்கு அது பொருந்துமா? பர்ன்அவுட் பாரடைஸ் (2008) விளையாடினவன் நான். அதில் சந்தி விளக்கடியில் காரை நிறுத்தி, அக்சிலறேற்றரையும் பிறேக்கையும் ஒன்றாக அழுத்தினால் உடனே றேஸ் தொடங்கிவிடும். முடிகிற இடத்தை மட்டும்தான் சொல்வார்கள். எந்த வீதியால் போவது என்பது உங்கள் பாடு. திரும்ப வேண்டிய இடம் வந்தால் திரையின் மேலே வீதியின் பெயர் மின்னும், அவ்வளவுதான். அதாவது அங்கே றேஸுக்குள்ளேயும் களம் திறந்துதான் கிடக்கிறது. உலா என்பதை றேஸ் இல்லாத நேரத்துக்கு மட்டும் வைத்தால் இந்த விளையாட்டை எங்கே சேர்ப்பது?

இரண்டாவது, சொற்பட்டியலில் உள்ள ‘தெருப்பந்தயம்’. எங்களுக்குக் கார் ஓடுவது வீதியில். காலி நகருக்குப் போவதைக் காலி வீதி என்றும், யாழ்ப்பாணத்துக்கு வருவதை ஏ9 வீதி என்றும்தான் சொல்கிறோம். வீதிப்பந்தயம் என்று வைத்தால் என்ன?

இன்னொன்றும் கேட்க வேண்டும். நாங்கள் எவ்வளவு முந்தி ஓடினாலும் பின்னால் வருகிற கணினிக் கார்கள் திடீரென்று வேகம் பிடித்து வந்து ஒட்டிக்கொள்ளும். நாங்கள் மோதிப் பின்தங்கினால் முன்னால் போகிறவை எங்களுக்காக வேகம் குறைக்கும். ஆங்கிலத்தில் இதற்கு ‘ரப்பர் பாண்டிங்’ என்பார்கள். சொற்பட்டியலில் ‘மீள்நாடாக்கம்’ என்று யாரோ போட்டிருக்கிறார்கள். படித்தால் ஒன்றும் விளங்கவில்லை. இதற்கு ஒரு நல்ல சொல் வேண்டும்.

*

அன்புள்ள நண்பருக்கும் குழுவினருக்கும்,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு விடை நம் பேச்சிலேயே இருக்கிறது: விட்டுப்பிடித்தல்.

‘இப்போது அவனை ஒன்றும் சொல்லாதே, விட்டுப்பிடி’ என்று பெரியவர்கள் சொல்வதில்லையா? அறுந்துவிடாதபடி விடுவது, கைமீறிப் போகாதபடி பிடிப்பது, இரண்டும் சேர்ந்ததுதான் விட்டுப்பிடித்தல். அந்தக் கணினி வண்டிகள் செய்வதும் அதுதான். ஆட்டத்தை வடிவமைத்தவர் ஆடுகிறவரின் ஆர்வம் அறுந்துபோகக் கூடாது என்று கணக்குப் போடுகிறார். நாம் அரை நிமிடம் முன்னால் போய்விட்டால் போட்டி செத்துவிடும். நாம் அரை நிமிடம் பின்தங்கினாலும் அதே கதிதான். ஆகவே இரு பக்கமும் இழுத்துச் சரிசெய்கிறார். ‘இந்த ஆட்டத்தில் விட்டுப்பிடிப்பு அதிகம்’ என்று எழுதினால் ஆடாதவருக்கும் பாதி புரிந்துவிடும். மீள்நாடாக்கத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். ரப்பரையும் நாடாவையும் மொழிபெயர்த்தார்கள், நடப்பது என்ன என்பதை விட்டுவிட்டார்கள்.

உலாவில் வேகம் இல்லை என்ற தயக்கம் நியாயமானது. ஆனால் பர்ன்அவுட் பாரடைஸ் என் பக்கம்தான் பேசுகிறது என்று நினைக்கிறேன். அந்த விளக்கடிக்கு நீங்கள் எப்படி வந்தீர்கள்? உலாவில்தான் வந்தீர்கள். பந்தயத்தில் எந்த வீதி குறுக்குவழி என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? முன்பு உலா வந்தபோது பார்த்து வைத்ததால்தான். பந்தயம் தொடங்கியதும் உலா முடிந்துவிடுகிறது, ஆனால் களம் அதேதான். அதனால்தான் உலா, உலாக்களம் என்று இரண்டாகப் பிரித்தேன். வேகம் பந்தயத்தின் குணம், அது களத்தின் பெயரில் இருந்தாக வேண்டியதில்லை. திருவிழாவில் சுவாமி உலா வருகிற அதே வீதியில்தான் மறுநாள் பேருந்தும் பறக்கிறது.

தெருவா வீதியா என்பதில் நான் விட்டுக்கொடுக்கத் தயார், ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் வீதி என்றால் மாசி வீதி, ஆடி வீதி என்று கோயிலைச் சுற்றியவைதான் முதலில் நினைவுக்கு வரும். தெரு எந்த ஊரிலும் தெருதான். இதைவிட முக்கியமான பிரிவு வேறொன்று இருக்கிறது. 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னையில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் சாலையை அடைத்து ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் நடத்தினார்கள். தடுப்புச்சுவர் உண்டு, நடுவர் உண்டு, அனுமதி உண்டு. நாம் பேசுகிற ஆட்டங்களில் நடப்பது அதற்கு நேர் எதிர். அனுமதி கிடையாது, எதிரே லாரி வருகிறது, பின்னால் போலீஸ் துரத்துகிறது. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் குழப்பம்தான். அனுமதி பெற்றதற்குச் ‘சாலைப்பந்தயம்’, மற்றதற்குத் ‘தெருப்பந்தயம்’ என்று பிரிக்கலாமா? இலங்கை வழக்குக்கு ‘வீதிப்பந்தயம்’ என்பதை இணைச்சொல்லாக அடுத்தே போட்டுவிடலாம்.

போலீஸ் என்றதும் இன்னொரு குவியல் சொற்கள் இருக்கின்றன. அக்கா மகனின் அருகே உட்கார்ந்து எழுதி வைத்தவை இவை. சாலையின் குறுக்கே போலீஸ் வண்டிகள் நிற்பதற்கு ஒருவர் ‘சாலைமறியல்’ என்று போட்டிருந்தார். அது குடிதண்ணீர் வரவில்லை என்று மக்கள் குடத்தோடு உட்காருவது. இங்கே ‘வழிமறிப்பு’ போதும். டயரைக் கிழிக்க விரிக்கிறார்களே, அதற்கு ‘ஆணிப்பட்டை’. ‘ஸ்பீட் பிரேக்கர்’ இன்னும் வம்பு. மோஸ்ட் வான்டடில் அந்தப் பொத்தானை அழுத்தினால் நேரமே மெதுவாக நகரும். அந்த இடைவெளியில் வண்டியை வளைத்துத் தப்பிக்கலாம். அதை ‘வேகத்தடை’ என்று எழுதியவர் ஆட்டத்தைப் பார்க்காமல் எழுதியிருக்கிறார். ‘மெதுநொடி’ என்று வைக்கலாம் என்பது என் எண்ணம்.

‘ட்ரிஃப்ட்’டுக்குச் சறுக்கல் வேண்டாம். சறுக்கல் நம்மை மீறி நடப்பது. யானைக்கும் அடி சறுக்கும். இங்கே ஓட்டுகிறவர் வேண்டுமென்றே பின்சக்கரங்களின் பிடியை விடவைத்து, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து, வளைவு முழுக்க வண்டியைப் பக்கவாட்டில் கொண்டுபோகிறார். ‘நழுவல்’ சரியாக வரும். கூட்டத்திலிருந்து நைசாக நழுவுகிறவனுக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெரியும். ‘நழுவல் அடிக்கிறான்’ என்று பையன்கள் சொல்லவும் இடம் இருக்கிறது. வண்டிக்குத் திடீர் வேகம் கொடுக்கிற ‘நைட்ரஸ்’ மட்டும் அப்படியே இருக்கட்டும். அது ஒரு வாயுவின் பெயர், வேதியியல் நூல்களிலும் நைட்ரஸ் ஆக்சைடுதான்.

கடைசியாக, துரத்தல் முடிகிற கட்டம். ஞாயிறன்று அதை நேரில் பார்த்தேன். பெரிய தண்ணீர்த் தொட்டி ஒன்றின் கால்களை மோதி, அதைப் பின்னால் வந்த இரண்டு போலீஸ் வண்டிகளின் மேல் சாய்த்துவிட்டான். பிறகு ஒரு சந்துக்குள் புகுந்து வண்டியை நிறுத்தினான். திரையின் கீழே ஒரு பட்டை கொஞ்சம் கொஞ்சமாக நிரம்புகிறது. சந்து முனையில் ஒரு ரோந்து வண்டி மெதுவாகக் கடந்து போகிறது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், நானும்தான். பட்டை நிரம்பியது, தப்பித்தாயிற்று. ஆனால் வண்டியின் மேல் ஏறிய ‘ஹீட்’, அதாவது போலீஸ் அதை எவ்வளவு தீவிரமாகத் தேடுகிறது என்ற அளவு, குறையவில்லை. கடைக்குப் போய் வேறு வண்ணம் அடித்தால் அது இறங்கும்.

அந்த ஹீட்டுக்கு ‘வெப்பநிலை’ என்று பட்டியலில் இருக்கிறது. ‘சூடு’ என்று மாற்றுங்கள்; சூடு ஏறும், சூடு இறங்கும், வேறென்ன வேண்டும்? பட்டை நிரம்பும்வரை ஒளிந்து கிடக்கிற அந்த நேரத்துக்கு, ஆங்கிலத்தில் ‘கூல்டவுன்’, ‘குளிர்விப்பு’ என்று இருக்கிறது. ஏசி விளம்பரம் போல இருக்கிறது. விவகாரத்தை ஆறப்போடுவது என்று நாம் சொல்வோமே, அந்த வேரிலிருந்து ‘ஆறுபொழுது’ என்று எடுக்கலாமா, அல்லது ‘ஆறப்போடல்’ என்றே வைக்கலாமா என்பதில் எனக்கு இன்னும் முடிவு வரவில்லை. எண் ஆறோடு குழம்புமோ என்ற பயம் முதல் சொல்லில் இருக்கிறது. உங்கள் கருத்தை வெள்ளிக்கிழமைக்குள் எழுதினால், அன்றிரவு பட்டியலைத் திருத்திவிடுகிறேன்.

அன்புடன்,
மதுரையிலிருந்து