தரம் 10 மகனுக்குத் தமிழ் எழுத வராது, தனியா ஒருவரை வைத்தால் சரிவருமா?

உப்புவெளிக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். மகன் தரம் 10. கதைக்க விட்டால் நிறுத்த ஏலாது, கொப்பியைத் திறந்தால் மூன்று வசனத்தோடு முடிந்துவிடும். போன தவணை கட்டுரைக்கு அரைப் பக்கம்தான் எழுதியிருக்கிறான், அதுவும் 'மேலும்', 'மேலும்' என்று ஒரே சொல். திருகோணமலை டவுனில் ஒரு பெரிய வகுப்புக்கு விட்டோம், நூறு பிள்ளைகளுக்கு மேல், சேர் மைக்கில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வருகிறான். கொப்பி நிறைந்திருக்கிறது, ஆனால் அதில் அவனுடைய வசனம் ஒன்றுகூட இல்லை. வீட்டுக்கு வந்து படிப்பிக்க ஒருவர் மணித்தியாலத்துக்கு 1500 ரூபா கேட்கிறார். காசு கொடுத்தால் பலன் இருக்குமா? இருந்தால் அவரிடம் என்ன கேட்க வேண்டும்?

கொட்டியாரன்:
தங்கச்சி, நான் மூதூர்ப் பக்கம் இருபது வருசத்துக்கு மேல் தமிழ் படிப்பித்தவன். ஆளை வைப்பதற்கு முதல் ஒன்று பாருங்கள்: அவனுக்குச் சொல்ல விசயம் இல்லையா, விசயம் இருந்தும் எழுத்தில் இறக்க ஏலாமல் நிற்கிறானா? நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டாவதுதான். அதற்குத் தனிவகுப்பு நல்ல மருந்து, ஏனென்றால் நூறு பேர் வகுப்பில் ஒரு பிள்ளையைக் கதைக்கவிட்டுக் கேட்க யாருக்கும் நேரம் இல்லை.

திருக்கடலூர்ப் பையன் ஒருவன் என்னிடம் வந்தான். 'கடல்' என்று தலைப்புக் கொடுத்தால் "கடல் இயற்கை அன்னை அளித்த அருங்கொடை" என்று தொடங்குவான், இரண்டாவது வசனம் வராது. ஒருநாள் கொப்பியை மூடச் சொல்லிவிட்டு, விடியப்புறம் கரைவலை இழுக்கப் போவாயே, அதைச் சொல்லு என்றேன். கயிறு உள்ளங்கையை எப்படி அறுக்கும், மடி (மீன் சேரும் வலைப்பை) கரைக்குக் கிட்ட வரும்போது எல்லாரும் ஏன் சத்தம் போடுவார்கள், மீன் படாத நாளில் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்க மாட்டார்கள் என்று பத்து நிமிசம் சொன்னான். நான் சொல் சொல்லாகத்தான் குறித்தேன்: கயிறு, மடி, சத்தம், முகம். பிறகு அந்த நாலு சொல்லையும் அவனிடம் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பந்தி எழுது என்றேன். அன்றைக்கு ஒன்றேகால் பக்கம். எழுத்துப்பிழை நிறைய, அது பரவாயில்லை. பிழை எல்லாவற்றையும் ஒரே நாளில் சிவப்பால் சுழித்தால் பிள்ளை அடுத்த முறை தனக்குத் தெரிந்த சொல்லை மட்டும்தான் எழுதும். நான் முதல் இரண்டு கிழமையும் ல, ள, ழ மட்டும் பார்த்தேன்.

இன்னொன்று, புதுக் கட்டுரைக்கு ஓடாமல் பழையதையே மூன்று தரம் திருத்தி எழுதவைக்கும் ஆளைப் பிடியுங்கள். பேனை பிள்ளையின் கையில் இருக்க வேண்டும்.

நிலாவெளி நிலா:
என் மகளுக்கும் வீட்டுக்கு ஒருவர் வந்தார். வந்து, பரீட்சைக்கு இதுதான் வரும் என்று பன்னிரண்டு கட்டுரை தானே எழுதிக் கொடுத்துப் பாடமாக்கச் சொன்னார். பரீட்சையில் பதின்மூன்றாவது வந்தது. காசும் போய், பிள்ளை அழுததும் மிச்சம். தனிவகுப்பு என்ற பெயருக்கு ஏமாற வேண்டாம்.

புள்ளிமான்:
நான் கல்வியியல் படிக்கிறேன், இப்போது கட்டாயம் வாய் திறக்க வேண்டும். இங்கிலாந்தில் எடியுகேஷன் என்டௌமென்ட் பவுண்டேஷன் என்ற கல்வி அமைப்பு ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்வது, தனி ஒருவருக்குக் கற்பித்தால் சராசரியாக ஐந்து மாதப் படிப்பு அளவு கூடுதல் முன்னேற்றம், சிறு குழுவாக என்றால் நாலு மாதம். வித்தியாசம் ஒரு மாதம்தான், அக்கா! அதனால் பக்கத்து வீட்டில் அதே வயதுப் பிள்ளை இருந்தால் இரண்டு பேரையும் ஒன்றாக இருத்துங்கள், செலவும் பாதி, ஒருவர் எழுதியதை மற்றவர் வாசித்து "எனக்கு இந்த இடம் விளங்கவில்லை" என்று சொல்லவும் ஆள் கிடைக்கும். கிழமைக்கு ஒருநாள் இரண்டு மணித்தியாலம் இருத்துவதைவிட அரை மணித்தியாலமாகக் கிழமைக்கு மூன்றிலிருந்து ஐந்து நாள், பத்துக் கிழமை வரைக்கும் என்பதுதான் அவர்கள் சொல்லும் கணக்கு. அப்புறம், அமெரிக்காவில் ஸ்டீவ் கிரஹாமும் டொலோரஸ் பெரினும் 2007இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், இலக்கணத்தைத் தனியாகப் பிரித்துப் படிப்பிப்பதால் எழுத்து மேம்படவில்லை என்றும், திட்டமிடுதல், திருத்துதல், சுருக்கி எழுதுதல் ஆகியவற்றைச் சொல்லிக்கொடுப்பது நன்றாகப் பலிக்கிறது என்றும் வந்தது. பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளைகளை வைத்துத்தான், ஆனாலும் கொட்டியாரன் ஐயா சொன்னதும் அதுவும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறது.

கொட்டியாரன்:
தம்பி, இலக்கணத்தை அப்படி ஒரேயடியாக ஒதுக்க ஏலாது. தமிழில் எழுவாய் ஒருமை, பயனிலை பன்மை என்று எழுதினால் புள்ளி போகும். ஆனால் அவன் எழுதிய வசனத்தை வைத்தே அதைச் சொல்லுங்கள், புத்தகத்து உதாரணம் வேண்டாம். இரண்டு பேர் யோசனை நல்லது, சண்டை பிடிக்காத இரண்டு பேராக இருந்தால்.

உப்புவெளிக்காரி:
நேற்றிரவு சமைத்துக்கொண்டே செய்து பார்த்தேன். போன கிழமை டவுனில் மரக்கறிக் கடைக்குள் மான் புகுந்ததைச் சொல்லு என்றேன். கடைக்காரர் தராசைத் தூக்கிக்கொண்டு நின்றது, மான் அசையாமல் பீன்ஸ் சாப்பிட்டது எல்லாம் சொன்னான். நான் ஐந்து சொல் எழுதிக் கொடுத்தேன். முக்கால் பக்கம் எழுதிவிட்டான், அதில் 'அப்ப' பதினொரு இடத்தில்! இன்றைக்கு அதையே திருத்தச் சொல்லியிருக்கிறேன், முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான். 1500 ரூபாக்காரரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்றுவிட்டேன். உவர்மலையில் ஏ.எல் முடித்த தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள், பக்கத்து வீட்டுப் பையனையும் சேர்த்து அரை மணித்தியாலம், கிழமைக்கு மூன்று நாள் கேட்கலாம் என்றிருக்கிறேன். அவளுக்கு எவ்வளவு கொடுத்தால் நியாயம்?